பூட்டை மாற்ற வந்தவர்கள் சாவியையும் வாங்கிக்கொள்கிறார்கள்

மூன்று நாளாக அம்மாவின் ஐபேட் என் மேசை மேல் கேபிளோடு கிடக்கிறது. அப்டேட் பண்ணுவதா, வேண்டாமா? இதற்கு ஒரு மனிதன் மூன்று நாள் தூக்கம் கெட வேண்டுமா என்று கேட்பீர்கள். அந்த நிலைமைக்கு என்னைத் தள்ளியதுதான் என் கோபமே.

அது 2020இல் வந்த எட்டாம் தலைமுறை ஐபேட். அதில் இன்னும் ஐபேட்ஓஎஸ் 14.3 என்கிற பழைய இயங்குதளம்தான் ஓடுகிறது. 2021 மார்ச்சில் அன்கவர் என்கிற கருவியைப் போட்டு ஜெயில்பிரேக் செய்தேன், அதாவது ஆப்பிள் போட்டுவைத்த தடைகளை உடைத்தேன். ஜெயில்பிரேக் என்றதும் காசு கொடுக்காமல் ஆப் திருடுகிறவன் என்று நினைத்துவிடுகிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது ஒரு தமிழ் எழுத்துரு, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு 71 வயது. இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது. தொடர்கதை படிக்காமல் அவருக்குப் பொழுது போகாது. ஐபேடில் எழுத்தைப் பெரிதாக்கலாம், தடிப்பாக்கலாம். ஆனால் எல்லா இடத்திலும் வருகிற அந்தத் தமிழ் எழுத்தின் வடிவத்தை மாற்ற வழியே இல்லை. 2019இல் ஐபேட்ஓஎஸ் 13 வந்தபோதே வெளி எழுத்துருக்களை நிறுவிக்கொள்ளலாம் என்றார்கள். இந்த ஐபேட் வந்ததும் நானும் ஆசையாகப் போய்ப் பார்த்தேன். அதை ஏற்றுக்கொள்கிற ஒரு சில ஆப்களுக்குள் மட்டும்தான் அது வேலை செய்யும், மற்ற இடமெல்லாம் பழைய எழுத்துதான். அம்மாவுக்கு ண, ன இரண்டும் ஒன்றாகத் தெரியும். மெய்யெழுத்தின் புள்ளி கண்ணுக்கே படாது. ஒரே வரியை மூன்று தடவை படித்துவிட்டு ஐபேடை மடியில் கவிழ்த்து வைத்துவிடுவார்.

ஜெயில்பிரேக் ஆனதும் ஃபில்ஸா என்கிற கோப்பு மேலாளரில் எழுத்துரு இருக்கிற ஃபோல்டருக்குப் போனேன். பழைய கோப்பை பத்திரமாக நகல் எடுத்து வைத்துவிட்டு, நல்ல கனமான புள்ளியும் திறந்த சுழியும் உள்ள ஒரு எழுத்துருவை அந்த இடத்தில் வைத்தேன். அணைத்து, திரும்பப் போட்டு, அம்மா கையில் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு ‘க்’ மேல் விரல் நுனியை வைத்துப் பார்த்தார். "புள்ளி தெரியுதுடா" என்றார். அன்றைக்கு ராத்திரி பத்தரை மணி வரை படித்தார். இதற்காகத்தான் நான்கு வருடத்துக்கு மேலாக, அன்கவர் ஓடுவதற்கு வேண்டிய, ஏழு நாளில் காலாவதியாகிற டிஜிட்டல் கையெழுத்தை ஞாயிறுதோறும் கணினியில் மாட்டிப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது என்ன வந்தது? தங்கை வெளியூரில் இருக்கிறாள். பேத்தியைப் பார்க்கிற வீடியோ கால் ஆப், இனி இந்தப் பழைய பதிப்பில் ஓடாது என்று சொல்லிவிட்டது. வங்கி ஆப் கதை அதற்கும் முன்னாலேயே முடிந்துவிட்டது, ஜெயில்பிரேக் வாடை பட்டதும் திறக்க மறுத்துவிட்டது. வங்கி போனால் போகட்டும், அதை நானே பார்த்துக்கொள்கிறேன். பேத்தி முகத்துக்கு நான் எங்கே போவது? அப்டேட் பண்ணினால் அந்த ஆப் ஓடும், ஆனால் ஜெயில்பிரேக் போய்விடும், அதோடு அம்மாவின் எழுத்துருவும் போய்விடும்.

"பாதுகாப்புக்காகவாவது அப்டேட் பண்ணித்தானே ஆக வேண்டும்?" என்று எனக்குப் பாடம் எடுக்காதீர்கள். அந்தப் பயம் உங்களைவிட எனக்கு அதிகம். 2021 ஜனவரி 26 அன்று வந்த 14.4 பதிப்பு எதை அடைத்தது தெரியுமா? கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையத்தில் இருந்த ஒரு ஓட்டையை. அதை யாரோ ஏற்கெனவே தாக்குதலுக்குப் பயன்படுத்தியிருக்கலாம் என்று ஆப்பிளே குறிப்பில் எழுதியது. ஒரு மாதம் கழித்து வந்த அன்கவர் 6 அதே ஓட்டை வழியாகத்தான் உள்ளே போனது. அம்மாவின் எழுத்துரு எந்தக் கதவு வழியாக வந்ததோ, அதே கதவு வழியாகத் திருடனும் வரலாம். அதே வருடம் செப்டம்பரில் வந்த 14.8 இன்னொன்றை அடைத்தது. கிஃப் படம் போல வேடம் போட்ட பிடிஎஃப் கோப்பு ஆப்பிளின் செய்தி ஆப்பான ஐமெசேஜில் வந்து விழுந்தாலே போதும், எதையும் தொடவே வேண்டாம், பெகாசஸ் என்கிற உளவு மென்பொருள் உள்ளே புகுந்துவிடும். கனடாவின் சிட்டிசன் லேப் என்கிற ஆய்வுக்கூடத்து ஆட்கள் கண்டுபிடித்துச் சொன்னது அது. 14.3இல் இவையெல்லாம் இன்றும் ஆ என்று திறந்துதான் கிடக்கின்றன. ஐமெசேஜை அணைத்திருக்கிறேன், பணம் சம்பந்தப்பட்ட எதையும் அதில் வைப்பதில்லை. அதற்கு மேல் என்னால் என்ன செய்ய முடியும்?

ஓட்டையை அடைப்பது வேறு, வீட்டுக்காரன் கையைக் கட்டுவது வேறு. இரண்டையும் ஏன் ஒரே மூட்டையாகக் கட்டித் தருகிறார்கள்? பூட்டு சரியில்லை என்று ஆளைக் கூப்பிட்டால், புதுப் பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியையும் வாங்கிக்கொண்டு போகிறார். கேட்டால் உங்கள் நன்மைக்குத்தான் என்கிறார்.

தனித்தனியாகத் தர முடியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அவர்களே செய்து காட்டியிருக்கிறார்கள். 2021இல் ஐபேட்ஓஎஸ் 15 வந்தபோது, 14லேயே இருந்துகொண்டு பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆப்பிள் அறிவித்தது. அதைக் கேட்டபோது எவ்வளவு நிம்மதியாக இருந்தது! 2022 ஜனவரிக்குள் அந்த வழியை மூடிவிட்டு, அது தற்காலிக ஏற்பாடுதான் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் 2023 மே மாதம் ‘விரைவுப் பாதுகாப்புத் திருத்தம்’ என்று ஒன்று கொடுத்தார்கள். பாதுகாப்புக்கு மட்டுமான சின்னத் திருத்தம், பிடிக்காவிட்டால் செட்டிங்ஸிலேயே எடுத்தும் விடலாம். ஆக, தனியாகத் தரவும் முடிகிறது, திரும்ப எடுக்கவும் முடிகிறது. மனசு இல்லை, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட என் வயிற்றெரிச்சல், ஒருமுறை போனால் திரும்ப முடியாது என்பதில்தான். ஒவ்வொரு பதிப்பையும் நிறுவும்போது ஆப்பிளின் சர்வர் அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். புதியது வந்த ஒன்றிரண்டு வாரத்தில் பழையதற்குக் கையெழுத்து நின்றுவிடும். அதற்குப் பிறகு பழைய கோப்பு உங்கள் கணினியிலேயே இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. சரி, ஜெயில்பிரேக் கருவி உள்ள 15, 16 என்று நடுவில் எங்காவது போய் நிற்கலாமா? அதுவும் கிடையாது. ஏறினால் மொட்டை மாடிக்குத்தான், நடுவில் எந்த மாடியிலும் இறங்க விடமாட்டார்கள். ‘போட்டுப் பார்ப்போம், அம்மாவுக்கு ஒத்துவரவில்லை என்றால் பழையதற்கே போய்விடலாம்’ என்று சொல்ல முடிந்திருந்தால், முதல் நாளே பட்டனை அழுத்தியிருப்பேன்.

இதே ஆப்பிளின் மேக் கணினியில் எந்தத் தளத்திலிருந்தும் மென்பொருளை இறக்கிப் போடலாம். 2020இல் மேக்புக் ஏரில் வைத்த அதே எம்1 சிப்பை 2021இல் ஐபேட் ப்ரோவில் வைத்தார்கள். ஒரே சிப், மேக்புக்கின் மூடியைத் திறந்தால் நான் எஜமான், விசைப்பலகையைக் கழற்றிவிட்டு ஐபேடாக எடுத்தால் வாடகைக்காரன். இதற்கு என்ன நியாயம் சொல்வார்கள்? அமெரிக்கச் சட்டமும் இந்தக் கூத்தில் சேர்ந்து ஆடியது. 2010இல் போனை ஜெயில்பிரேக் செய்யலாம் என்று, டிஜிட்டல் பூட்டை உடைக்கக் கூடாது என்கிற தடையிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். 2012இல் டேப்லெட்டுக்கும் கொடுங்கள் என்று கேட்டதற்கு, டேப்லெட் என்றால் எதுவென்று வரையறை தெளிவாக இல்லை என்று மறுத்துவிட்டார்கள். 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆண்ட்ராய்டு வாங்கிக் கொடு என்கிறான் நண்பன். அம்மா இந்த ஒன்றைப் பழகவே ஒரு வருடம் ஆனது. எந்தப் பக்கம் தள்ளினால் எது வரும் என்று அவர் விரலுக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு எழுத்துருவுக்காக அதைத் தூக்கிப் போட வேண்டுமா?

நேற்று ராத்திரி அம்மாவிடமே கேட்டுவிட்டேன். அப்டேட் பண்ணினால் பாப்பாவைப் பார்க்கலாம், ஆனால் எழுத்து பழையபடி ஆகிவிடும் என்றேன்.

"புள்ளி தெரியாதா?"

"தெரியாதும்மா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுடா. இந்தக் கதை இன்னும் ஆறு அத்தியாயம் இருக்கு, முடிச்சுட்டுத் தந்துடறேன்" என்றார்.

கேபிளைக் கழற்றி ஐபேடை அவரிடம் கொடுத்துவிட்டேன்.