செட் என்றால் என்னதான் அர்த்தம்?

ஒரே ஒரு வரி மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். நடுவில் 'செட்' (set) என்னும் ஆங்கிலச் சொல் வந்தது. போச்சு, அன்றைய சாயங்காலமே போச்சு.

சூரியன் மறைந்தால் செட். அலாரம் வைத்தால் செட். சிமெண்ட் இறுகினால் செட், முறிந்த எலும்பை மருத்துவர் பொருத்தினாலும் செட். கணக்கில் கணம் என்னும் தொகுதி, டென்னிஸில் குறைந்தது ஆறு கேம், சினிமாவில் அட்டைச் சுவர். வேறு சொல்லே கிடைக்கவில்லையா இந்த ஆங்கிலேயர்களுக்கு? 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் இதற்கு 430-க்கும் மேற்பட்ட பொருள்கள். விளக்கம் மட்டும் சுமார் 60,000 சொற்கள். அது அகராதியா, நாவலா?

சரி, வேரைப் பிடித்தால் தெளியும் என்று போனேன். 'வை' என்னும் செட், பழைய ஆங்கிலத்து 'செட்டன்' வழி வந்ததாம். 'உட்கார்' என்னும் 'சிட்' அதற்குச் சொந்தம். தொகுதி என்னும் செட்டோ பிரெஞ்சு வழியாக லத்தீன் 'செக்டா'விலிருந்து. மதப்பிரிவைச் சொல்லும் 'செக்ட்' இதன் பங்காளி. எங்கெங்கோ பிறந்த இரண்டும் நடுவழியில் ஒட்டிக்கொண்டு ஒரே சட்டையில் திரிகின்றன, நம்மை ஏய்க்க.

இறந்தகாலத்திலாவது உருவம் மாறுமா என்றால், அதுவும் செட்தான். அப்புறம் என் வரியா? அது மட்டும் இன்னும் செட் ஆகவில்லை.