பாங்கின் பொருள் தெரிய எனக்கு 35 வயது ஆனது

எங்கள் ஊர் நாகூருக்குப் பக்கம். பள்ளிவாசலிலிருந்து தொழுகைக்கு அழைக்கும் விடிகாலைப் பாங்கு கேட்டதும் அம்மா எழுந்து வாசல் தெளிப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தால், பொழுது சாய்ந்ததும் தொழும் மஃரிப் தொழுகை முடியும் நேரம் பார்த்து இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் முன்னால் போய் நிற்பார். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஒவ்வொருவராக நின்று, ஏதோ ஓதி, என் முகத்திலும் சொம்புத் தண்ணீரிலும் ஊதிவிட்டுப் போவார்கள். அம்மாவோடு அங்கே நின்ற பெண்களில் பாதிப்பேர் நெற்றியில் பொட்டு வைத்தவர்கள்.

அப்புறம் நோன்புக் கஞ்சி. தூக்குவாளியோடு வரிசையில் நின்று வாங்கி வருவேன். எனக்கு முதல் மொட்டை நாகூர் தர்காவில்தான். அங்கே 131 அடி உயரத்தில் நிற்கும் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவரே தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப சிங்தான். பள்ளிக்கூடத்தில் உமறுப்புலவரின் சீறாப்புராணம் படித்தோம். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்று மூன்று காண்டங்களையும் ஒப்பித்து மதிப்பெண் வாங்கினேன். நுபுவ்வத் என்றால் நபித்துவம் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் வளர்ந்த எனக்கு இஸ்லாம் தெரியாது. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

35 வயதில் ஒருநாள், எங்கள் தெருக் கடைக்கார பாயிடம், "காலைப் பாங்கு மட்டும் கொஞ்சம் நீளமாக இருக்கிறதே, ஏன்?" என்று கேட்டேன். அவர் கல்லாவை மூடிவிட்டு, வரி வரியாகப் பொருள் சொன்னார். தொழுகைக்கு வாருங்கள். வெற்றிக்கு வாருங்கள். விடிகாலையில் மட்டும் கூடுதலாக ஒரு வரி: தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது. அம்மா தினமும் கண்விழித்தது அந்த வரியைக் கேட்டுத்தான். அவருக்கும் அது தெரியாது.

"அல்லாஹு அக்பர்" என்ற சொல்லும் அதில் வருகிறது. இறைவன் மிகப் பெரியவன் என்று பொருள். தொழுகையில் நிற்கும்போதும் குனியும்போதும் சொல்வது அது. ஆனால் அந்தச் சொல்லை எங்கள் தலைமுறை கூர்ந்து கேட்டது சினிமாவில், குண்டு வெடிக்கும் காட்சிக்கு முன்னால். பாயும் அந்தப் படங்களைப் பார்த்திருப்பார். தியேட்டரில் அவர் எப்படி உட்கார்ந்திருந்திருப்பார் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக யோசித்தேன்.

பாய் இறந்தபோது, அடக்கம் செய்யும் கபர்ஸ்தான் வரை போனேன். இறந்தவருக்காகத் தொழும் ஜனாஸா தொழுகையில் குனிவதும் இல்லை, நெற்றியைத் தரையில் வைப்பதும் இல்லை. நின்றபடியே முடிந்துவிட்டது. நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன். மண் தள்ளும் நேரத்தில் அவர் மகன் என் கையைப் பிடித்து, "வாங்க மாமா, நீங்களும் போடுங்க" என்றான். மூன்று கைப்பிடி மண் போட்டேன். அப்போது ஓதிய வசனத்தின் பொருளையும் அவனே சொன்னான்: இந்த மண்ணிலிருந்தே உங்களைப் படைத்தோம், இதற்குள்ளேயே உங்களைத் திரும்பச் சேர்ப்போம், இதிலிருந்தே மறுபடியும் உங்களை எழுப்புவோம்.

இன்றைக்கு என் மகனுக்கு இஸ்லாம் அறிமுகமாவது வாட்ஸ்அப்பில். பத்தாவது படிக்கிறான். வகுப்புக் குழுவில் வரும் ஒரு நிமிட வீடியோக்களில் இருக்கும் முஸ்லிம் யாரையும் அவனுக்குத் தெரியாது. நாங்கள் இப்போது இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில், முஸ்லிம்களுக்கு வீடு கொடுப்பதில்லை என்று வாய்மொழியாக ஒரு விதி. அவன் யாரிடம் போய்க் கேட்பான்?

பண்டிகைக்குப் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டுப் படம் போடுவதை நல்லிணக்கம் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். அது போதாது. கேட்க வேண்டும். நோன்பு ஏன், ஜகாத் என்ற கட்டாய தானம் யாருக்குப் போகிறது என்று தெரிந்தவரிடமே கேட்கலாம். நான் கேட்ட ஒருவர்கூடக் கோபப்பட்டதில்லை. பள்ளிவாசலை நிர்வகிக்கும் ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள்: சில ஊர்களில் மற்றவர்களைப் பள்ளிவாசலுக்குள் அழைத்துச் சுற்றிக்காட்டுகிறார்கள். எல்லா ஊரிலும் செய்யுங்கள். வாசல் வரைதான் எங்களுக்குப் பழக்கம்.

போன ரமலானில் மகனை ஊருக்கு அழைத்துப் போய்க் கஞ்சி வரிசையில் நிறுத்தினேன். அவன் பாங்கு சொல்லும் மோதினாரிடம் போய், இந்தக் கஞ்சி எத்தனை மணிக்கு அடுப்பேறும் என்று கேட்டான். அவர் அவனைக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனார். அரை மணி நேரம் ஆளையே காணோம்.