பெட்டியில் எழுதாத லேக்

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் போனாலும் சரி, தருமபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள மொபைல் கடைகளுக்குப் போனாலும் சரி, ஒரே பாட்டுதான். 50 மெகாபிக்சல், 120 ஹெர்ட்ஸ், 8 ஜிபி ரேம். ஒரு வருடம் கழித்து இது எப்படி ஓடும், லேக் (திணறல், தாமதம்) வருமா என்று கேட்டால், "அதெல்லாம் சூப்பரா ஓடும்ணா" என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுகிறார்கள்.

எனக்கு விற்ற போனில் அந்த 8 ஜிபியில் நிஜ ரேம், அதாவது ஓடுகிற செயலிகளைக் கைவசம் வைத்திருக்கும் வேகமான நினைவகம், 4 தான். மீதி 4, போட்டோ, வீடியோ சேமிக்கும் ஸ்டோரேஜில் ஒரு மூலையை ஒதுக்கி ரேம் என்று கணக்குக் காட்டுவது. ரேமின் வேகம் எங்கே, ஸ்டோரேஜின் வேகம் எங்கே! அதிலும் விலை குறைந்த பல போன்களில் இருப்பது பழைய இஎம்எம்சி வகை ஸ்டோரேஜ். அதில் ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் முடியாது. அதற்குப் பின் வந்த யுஎஃப்எஸ் வகையில் முடியும். போட்டோவும் வாட்ஸப் வீடியோவும் சேர்ந்து இடம் நிரம்ப நிரம்ப, புதிதாக எழுத இடம் ஒழிக்கவே அது திணறுகிறது. சந்தையில் தக்காளிக்குக் காசு கொடுக்க ஸ்கேனரைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பின்னால் நிற்பவர் முறைக்கிறார். இரண்டில் எந்த வகை உள்ளே இருக்கிறது என்று பெட்டியில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

அண்ணன் பையனுக்குக் கேம்தான் உயிர். சித்திரை வெயில், சிமெண்ட் ஷீட் வீடு. முதல் ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகிறது, இரண்டாவதில் கடைசி வட்டம் சுருங்கும் நேரம் பார்த்துத் திரை நின்று நின்று நகர்கிறது. "சித்தப்பா, நான் சுட்டேன், அது சுடல" என்று அழாத குறை. கேட்கிறவர்கள் எல்லாம் நெட்தான் சரியில்லை என்கிறார்கள். இல்லவே இல்லை. நெட் இழுத்தால் பிங் (சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம்) ஏறும், எதிராளி இங்கிருந்து அங்கே தாவுவான், ஆனால் நம் திரை சீராகத் திரும்பும். இங்கே விரலோடு திரையே வரவில்லை. சாதாரண போனுக்குள் காற்றாடி கிடையாது, சூடு ஏறினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. கடையில் ஏசிக்குக் கீழே இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டினால் இது தெரியுமா?

சராசரி ஃப்ரேம் கணக்கு, அதாவது விநாடிக்குத் திரையில் எத்தனை படம் மாறுகிறது என்பது, இன்னொரு ஏமாற்று. 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொன்றும் சுமார் 16.7 மில்லி விநாடியில் வந்தாக வேண்டும். ஒரே ஒரு ஃப்ரேம் 80 மில்லி விநாடி சிக்கினாலும், அந்த விநாடிக்கு எண்ணிக்கை 56 வரை வந்துவிடும். தாளில் 56 அருமையான எண். கையில் அது ஒரு வெட்டு, அந்த வெட்டில்தான் பையன் கேமில் சாகிறான். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சராசரியை விட்டு, மிக மோசமான 1 சதவீத ஃப்ரேம்களைப் பார்க்கிறார்கள். விளம்பரத்தில் அதை யார் போடுகிறார்கள்?

விலை உயர்ந்த போன் வாங்கினால் தப்பித்துவிடலாம் என்று சொல்லாதீர்கள். பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது. வாங்கியவர்களிடம் சொல்லவில்லை என்பதற்காக 2020இல் பிரான்ஸ் போட்ட அபராதம் 2.5 கோடி யூரோ. 2022இல் சாம்சங் மாட்டியது: கேம்களின் வேகத்தைக் குறைத்த அதன் சேவை, வேகம் அளக்கும் செயலிகளை மட்டும் தொடாமல் விட்டிருந்தது. அப்படி வேகம் அளக்கும் செயலிகளில் ஒன்றான கீக்பெஞ்ச் தன் பட்டியலிலிருந்து கேலக்ஸி எஸ்22 வரிசையையே தூக்கியது. பரீட்சைக்கு மட்டும் ஓடுகிற போன், நமக்கு எதற்கு?

நம் ஊரில் ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் நட்சத்திரம் ஒட்டித்தான் விற்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் போனுக்கே சீட்டு உண்டு. பேட்டரி எவ்வளவு தாங்கும், எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. மாதச் சம்பளத்தில் பாதியைக் கொட்டி வாங்குகிற இங்கே அதுகூட இல்லை.

நிஜ ரேம் எவ்வளவு, ஸ்டோரேஜ் எந்த வகை, அரை மணி நேரம் தொடர்ந்து விளையாடிய பிறகு எத்தனை ஃப்ரேம் நிற்கும், எத்தனை வருடம் அப்டேட் வரும். இந்த நான்கையும் பெட்டியின் முன்பக்கத்தில், மெகாபிக்சலுக்குப் போடுகிற அதே பெரிய எழுத்தில் போடச் சொல்லி அரசு உத்தரவிட வேண்டும்.