சேஸிஸ் எண்ணை முதலில் பாருங்கள்

மறுசீரமைத்த பழைய காரை ஏலத்தில் எடுக்கும் முன் பெயின்ட், குரோம், சீட் எல்லாம் பார்க்கச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, ஆனால் முதலில் பார்க்க வேண்டியது சேஸிஸ் எண்ணைத்தான், அதாவது ஒவ்வொரு காருக்கும் கம்பெனி பொறிக்கும் தனி அடையாள எண்ணை. இந்த எண்ணுக்கு எழுத்தும் எண்ணும் கலந்த 17 இலக்க முறை அமெரிக்காவில் 1981 மாடல்களிலிருந்துதான் கட்டாயம். அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எண் போட்டது. எனவே அந்த மாடலின் முறையைத் தெரிந்துகொண்டு போங்கள். சேஸிஸ் எண் பொறித்த தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணி மட்டும் புத்தம்புதிதாக மின்னினாலோ, எண்ணைச் சுற்றி உலோகத்தைத் தேய்த்த தடம் இருந்தாலோ எண்ணை மாற்றியிருக்கலாம்; ஒதுங்கிவிடுவதே நல்லது.

அப்புறம், வேலை நடந்தபோது எடுத்த போட்டோக்களைக் கேட்டு வாங்குங்கள். துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தார்களா, வெறும் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசி மறைத்தார்களா என்பது அதில்தான் தெரியும். போட்டோவே இல்லை என்றால் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடிப்பகுதியில் வைத்துப் பாருங்கள். இரும்பு பாடியில் பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டாது.