பாரசீகத்துல அவன், அவள் கிடையாது
மேல ஒருத்தர், ஈரானிய பாப் காதல் பாட்டுல ஆண் பாடினா வரியிலயே 'அவள்'னும் பெண் பாடினா 'அவன்'னும் வரும்னு எழுதிருக்கார். மன்னிக்கணும், அது சப்டைட்டில் போட்டவங்க சேர்த்தது. பாரசீகத்துல ரெண்டுக்கும் 'ஊ' ஒண்ணுதான், நம்ம மாதிரி போனான் போனாள்னும் பிரியாது, ரெண்டுமே 'ரஃப்த்', கொஞ்சுற 'அஸீஸம்' கூட யாரும் யாரையும் கூப்பிடலாம். பொண்ணுன்னு தெரியணும்னா 'தொக்தர்' மாதிரி தனி வார்த்தை வரணும். எனக்கு அந்தப் பாட்டுங்கள்ல ரொம்பப் பிடிச்சதே இந்த அழகுதான், அதான் சொல்றேன். சந்தேகம்னா எந்த பாரசீக-ஆங்கில அகராதியிலயும் 'ஊ' தேடிப் பாருங்க, ரெண்டு அர்த்தமும் ஒண்ணாவே போட்டிருக்கும்.