வாஸ்ப்-39பி: அது புகைப்படம் இல்லை
வாஸ்ப்-39பி, வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள். மேகம் சூழ்ந்த அதன் படம் ஒன்றை, ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த புகைப்படம் என்று பகிர்ந்திருக்கிறார்கள். இல்லைங்க, அது வரைந்த படம். நாசா பக்கத்தில் இதே படத்தின் கீழுள்ள குறிப்பைப் படியுங்கள், 'இல்லஸ்ட்ரேஷன்' என்றே இருக்கும்.

வாஸ்ப்-39பி சுமார் 700 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. அது தன் விண்மீனைக் கடக்கையில், அதன் வளிமண்டலம் வழியே வடிகட்டி வந்த ஒளியை ஜேம்ஸ் வெப் மூலம் அலைநீளவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். 4.3 மைக்ரான் அலைநீளத்தின் அருகே ஒளி குறைந்திருந்தது; அந்த ஒளியை விழுங்குவது கார்பன் டை ஆக்சைடு. 2022இல் அந்த வாயு சிக்கியது அப்படித்தான். கைக்கு வந்தது ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஒரு வளைகோடு மட்டுமே. (எனக்கு அதுதான் அழகு.)

எங்கள் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் அருங்காட்சியகத்தில் சூரிய ஒளியின் வண்ணப்பட்டையையும் அதில் மெல்லிய கருங்கோடுகளையும் காட்டுவார்கள். அதே வித்தைதான். மஞ்சு இறங்காத காலையாகப் பார்த்து வாங்க.