காசு கேட்டா கமிட்மென்ட் இல்லையா தோழர்?

பேசவே கூடாதுன்னுதான் இருந்தேன். தஞ்சாவூர் கூட்டத்து வீடியோவ எல்லாரும் பாத்தாச்சு, ஷேர் பண்ணியாச்சு, சிரிச்சாச்சு. எந்த அமைப்பு, எந்தத் தோழர்னு நான் பேரு சொல்ல வேண்டியதில்ல. ஆனா நேத்து ராத்திரி ஒருத்தர் இன்பாக்ஸ்ல வந்து "அந்தப் பொண்ணு அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்க, சபையில கேக்குற கேள்வியா அது"ன்னு எழுதியிருந்தாரு பாருங்க, அதுக்கப்புறம் தூக்கம் போச்சு.

என்ன கேட்டுருச்சு அந்தப் புள்ள? "ஸ்டைபண்ட் உண்டா சார்?" மாசச் செலவுக்கு ஏதாச்சும் பணம் குடுப்பீங்களான்னு, அவ்ளோதான். சர்வதேச மனித உரிமை அமைப்பு, டெல்லி ஆபீஸ், மூணு மாச இன்டர்ன்ஷிப், சட்டம் படிக்கிற மாணவர்கள் அப்ளை பண்ணுங்கன்னு மைக்ல சொன்னது நீங்க தோழர். கேட்டதுக்கு "காசு எதிர்பாக்குறவங்களுக்கு இது எடம் இல்லம்மா, இதுக்கெல்லாம் ஒரு கமிட்மென்ட் வேணும்"னு பதில். ஹால்ல கைதட்டல் வேற. அந்தப் புள்ள மைக்க எங்க வைக்கிறதுன்னு தெரியாம பக்கத்துல இருந்த பையன் மடியில வச்சுட்டு உக்காருது. அத மட்டும் திரும்பத் திரும்பப் பாத்தேன்.

எனக்கு அந்தப் பொண்ணத் தெரியும். திருச்சில படிக்குது, லீவுக்கு ஊருக்கு வந்தா எங்க ஆபீஸ்ல வந்து உக்காந்து பெட்டிஷன் டைப் பண்ணும். அம்மா நடவுக்குப் போறாங்க, நடவு இல்லாத நாள்ல நூறு நாள் வேலை. டெல்லில ஒரு பிஜி வாடகை, மெஸ்ஸு, மெட்ரோ, போக வர ட்ரெயின்னு மூணு மாசத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க, எந்தக் குருவை வெள்ளாமைல அந்தக் காச எடுக்குறது? அம்மா வாய்க்கா தூர்வாரினா கூலி உண்டு, சட்டமே சொல்லுது. மக ஏசி ரூம்ல உக்காந்து மனித உரிமை ரிப்போர்ட் தட்டுனா சர்டிபிகேட்டு. இதுல கமிட்மென்ட் எங்க வந்துச்சு? இது வசதி இருக்கா இல்லையாங்கற கேள்வி, அவ்ளோதான். திரும்பச் சொல்றேன், வசதி.

கூட்டத்துல ஆளுக்கொரு பை குடுத்தீங்கள்ல, அதுக்குள்ள இருந்த குட்டிப் புக்க யாராவது பிரிச்சீங்களா? 1948ல ஐநா ஏத்துக்கிட்ட மனித உரிமைப் பிரகடனம். 23வது பிரிவு, வேலை செய்யிற எல்லாருக்கும் தானும் குடும்பமும் மனுசனுக்குரிய கௌரவத்தோட வாழற அளவுக்கு நியாயமான ஊதியம். அந்தப் புள்ள அதத்தான் கேட்டுச்சு. நீங்க குடுத்த புக்குல உள்ளதுதான்.

"ஐநாவே குடுக்கறதில்லையே"ன்னு ஒரு கமெண்ட். ஆமா, ஐநா செயலகம் இன்டர்ன்களுக்கு இன்னிக்கும் சம்பளம் தர்றதில்ல, டிக்கெட், விசா, தங்குற எடம் எல்லாம் அவங்கவங்க பாடு. 2015ல ஜெனீவால நியூசிலாந்துப் பையன் ஒருத்தன் ரூம் எடுக்கக் காசு இல்லாம ஏரிக்கரையில டென்ட் போட்டுத் தங்கிக்கிட்டு ஐநாவுக்கு இன்டர்னாப் போனானே, உலகமே பேசுச்சே. கவனத்த இழுக்கத்தான் அப்படிச் செஞ்சான்னு சொல்லாதீங்க, செஞ்சா என்ன? அதே ஜெனீவால ஐஎல்ஓ, அதான் சர்வதேச தொழிலாளர் அமைப்பு, குடுக்குது, உலக சுகாதார நிறுவனம் 2020லேர்ந்து குடுக்க ஆரம்பிச்சிருச்சு. மனசு இருந்தா வழி இருக்கு. ஐநா செய்யலன்னா அது தப்பு, நமக்கு முன்மாதிரி இல்ல.

"அனுபவம் கெடைக்குதே, நாளைக்கு பெரிய எடத்துல உக்காரலாமே"ன்னு இன்னொருத்தர். கரெக்ட்டுண்ணே, அதத்தான் நானும் சொல்றேன். இன்னிக்கு அப்பா காசுல டெல்லில தங்க முடிஞ்ச புள்ளைதான் நாளைக்கு அந்தப் பெரிய எடத்துல உக்காரும், உக்காந்து நம்ம ஊரு கூலி பிரச்சனையப் பத்தி ரிப்போர்ட் எழுதும்.

அப்புறம் "நீங்க உங்க ஜூனியருக்கு எவ்ளோ குடுக்குறீங்க மேடம்"னு ஒரு வக்கீல் அண்ணன் வருவாரு, வந்தே தீருவாரு. 2024ல ஹைகோர்ட் சொல்லி பார் கவுன்சில் சர்க்குலர் போட்டுச்சு, சென்னை மதுரை கோவைல மாசம் 20,000, மத்த ஊர்ல 15,000னு. எத்தன சீனியர் குடுக்குறாங்கன்னு கேட்டா கோர்ட் வாசல் டீக்கடையே சிரிக்கும். நான் குடுக்குறேன். முழுசா பதினஞ்சு இல்ல, என் வரும்படிக்கு முடிஞ்சது, பஸ் காசு தனி. முக்கியமா, கேட்டவள சபையில வச்சு அசிங்கப்படுத்தல. அத விடுங்க, இப்ப பேச்சு என்னப் பத்தி இல்ல.

கஜா புயல் அடிச்ச நேரம் ஞாபகம் வருது, 2018 நவம்பர். வேதாரண்யம் பக்கம் வெளிநாட்டுல படிக்கிற தம்பி ஒருத்தன் இன்டர்னா வந்திருந்தான், நல்ல பையன், பேரு வேணாம். அவனுக்கு மொழிபெயர்க்க என்னக் கூப்ட்டாங்க. என் எக்ஸெல் வண்டியில பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு சாஞ்சு கெடந்த தென்னைய சுத்திச் சுத்திப் போயி ஒவ்வொரு வீடா கேட்டோம். ஒரு ஆயா, கூரை போயி மேல தார்ப்பாய் கட்டியிருக்கு, அதுக்குக் கீழ உக்காந்து நனஞ்ச அரிசிய முறத்துல காயப் போட்டுக்கிட்டே "இந்தத் தம்பிக்கு யாரு சம்பளம் குடுக்குறா"ன்னு கேட்டாங்க. நான் அவன்கிட்ட கேட்டு "சம்பளம் இல்ல ஆயா, அவங்க அப்பா பணம் அனுப்புறாராம்"னு சொன்னேன். "அடப்பாவமே, அப்பன் காசத் தின்னுக்கிட்டா இந்த வேகாத வெயில்ல அலையுது"ன்னு சொல்லி அவனுக்கு ஒரு எளனி வெட்டிக் குடுக்கச் சொன்னாங்க. மரமெல்லாம் சாஞ்சு கெடக்கு, அதுலேர்ந்து எளனி. அவனுக்கு அந்த வேலை ரெஸ்யூமேல ஏறிருச்சு, ரிப்போர்ட்ல நன்றின்னு போட்டு அவன் பேரு. எனக்கு "உள்ளூர் மொழிபெயர்ப்பாளர்". பெட்ரோலும் என்னது. அப்ப கேக்கல, கேட்டா கமிட்மென்ட் இல்லன்னு நெனப்பாங்களோன்னு ஒரு பயம். அந்தப் பயம் இல்லாம ஒரு புள்ள கேட்டுச்சுன்னா அதுக்குக் கைதட்டணுமா, கேட்ட புள்ளய உக்கார வச்ச ஆளுக்குக் கைதட்டணுமா?

"அமைப்புகிட்ட ஏதுங்க காசு"ன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல. தஞ்சாவூர்ல அந்த ஹால் வாடகை, அந்தப் பை, மதியம் போட்ட சாப்பாடு, எல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சுது.

நீங்க எந்த மண்ணுல நின்னுக்கிட்டு அதச் சொன்னீங்கன்னாவது யோசிச்சிருக்கலாம் தோழர். கூலிய கூட்டிக் கேட்டதுக்கும் சங்கத்த விடமாட்டோம்னதுக்கும் கீழ்வெண்மணில பண்ணையாருங்களும் அவங்க ஆளுங்களும் ஒரு குடிசைக்குள்ள 44 உசுர வச்சுக் கொளுத்துனாங்க, 1968 டிசம்பர் 25. பெரும்பாலும் பொம்பளைங்க, கொழந்தைங்க. 1973ல ஹைகோர்ட்ல பண்ணையாருங்க எல்லாரும் விடுதலை. வருசா வருசம் அங்க வந்து மாலை போடுறீங்க, போட்டோ போடுறீங்க, நான் லைக் கூட போட்டிருக்கேன். அந்த ஊருக்குக் கூப்பிடு தூரத்துலேர்ந்து படிக்க வந்த பொண்ணு "கூலி உண்டா"ன்னு கேட்டா மட்டும் ஒங்களுக்கு முகம் சுருங்குது. எங்கள உங்களுக்கு செத்தவங்களாத்தான் புடிக்கும் போல. இல்ல ஆடு மேய்க்கக் கொத்தடிமையா வித்த புள்ளைங்களா, வறண்ட வாய்க்கா பக்கத்துல நிக்கிற விவசாயியா, ரிப்போர்ட்டு அட்டைப் படத்துக்கு. பக்கத்து சீட்ல உக்காந்து அந்த ரிப்போர்ட்ட எழுத வந்தா மட்டும் கமிட்மென்ட் பத்தாது.

கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்னு சிலருக்குத் தோணும். தோணட்டும். அந்தப் பொண்ணு நேத்திலேர்ந்து போன எடுக்க மாட்டேங்குது, அப்ளிகேஷன பாதியில நிறுத்திருச்சுன்னு அதோட ஃபிரண்டு சொன்னா.

அடுத்த தடவ நோட்டீஸ் அடிக்கும்போது "சொந்தச் செலவில் தங்க வசதி உள்ளவர்கள் மட்டும்"னு மேலயே கொட்டை எழுத்துல போட்டுருங்க தோழர். திருச்சிலேர்ந்து தஞ்சாவூருக்கு பஸ் ஏறி வர்ற காசாவது எங்க புள்ளைங்களுக்கு மிச்சம் ஆவும்.